யுனிவர்சல் கிரெடிட்: முதல் தவணைக்கான ஐந்து வாரக் காத்திருப்பு

யுனிவர்சல் கிரெடிட் என்பது ஐக்கிய இராச்சியத்தில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் வேலை இழந்தவர்களுக்கும் அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை ஆகும். இதற்குப் புதிதாக விண்ணப்பிக்கும் ஒருவர், எல்லா ஆவணங்களையும் சரியாகக் கொடுத்திருந்தாலும், முதல் தவணையைப் பெற ஏறத்தாழ ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அதிகாரிகளின் கவனக்குறைவோ கணினிக் கோளாறோ இதற்குக் காரணமல்ல. திட்டமே அவ்வாறுதான் வகுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் ஆவணச் சரிபார்ப்பு இழுபடும்போது காத்திருப்பு இன்னும் நீள்கிறது.

கையில் சேமிப்பு உள்ளவருக்கு ஐந்து வாரம் பெரிய இடைவெளி அல்ல. ஆனால் இந்த உதவியை நாடி வருபவர்களில் பலர் கையிருப்பு தீர்ந்த பிறகே விண்ணப்பிக்கிறார்கள். எனவே முதல் தவணை எப்போது வரும் என்பது வாடகை, மின்கட்டணம், உணவு ஆகியவற்றோடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வியாக இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் தொடங்கிய 2013 முதல் அதைப் பற்றி எழுந்த விவாதங்களில் மிக நீண்ட காலம் நீடிப்பது இதுவே.

மூன்று வகைத் தாமதங்கள்

முதல் தவணை தாமதமாவதைப் பற்றிப் பேசும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுவது உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, காத்திருப்பு நாட்கள். விண்ணப்பித்த முதல் சில நாட்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்று சட்டம் விதிப்பது இது. அந்த நாட்களுக்கான பணம் பின்னர் வந்து சேராது. அது இழந்தது இழந்ததுதான்.

இரண்டாவது, பின்தேதியில் பணம் கொடுக்கும் முறை. மாதச் சம்பளத்தைப் போல, ஒரு மாதம் முடிந்த பிறகே அந்த மாதத்துக்குரிய தொகை கணக்கிடப்பட்டு வழங்கப்படுகிறது. இங்கே தொகை இழக்கப்படுவதில்லை. ஆனால் தாமதமாகக் கைக்கு வருகிறது.

மூன்றாவது, நிர்வாகத் தாமதம். சட்டப்படி பணம் வரவேண்டிய நாள் கடந்த பிறகும் சரிபார்ப்பு முடியாததால் பணம் வராமல் இருப்பது இது.

இம்மூன்றுக்கும் காரணமும் வேறு, தீர்வும் வேறு. கூடுதல் ஊழியர்களையும் மேம்பட்ட கணினி முறையையும் கொண்டு மூன்றாவதைக் குறைக்கலாம். முதல் இரண்டையும் மாற்ற வேண்டுமானால் விதிகளையே மாற்ற வேண்டும்.

திட்டத்தின் பின்னணி

2010-இல் பதவியேற்ற கூட்டணி அரசில் பணி மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சராக இருந்த இயான் டங்கன் ஸ்மித் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தை முன்வைத்தார். நலச் சீர்திருத்தச் சட்டம் 2012 இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 2013 ஏப்ரலில், மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஆஷ்டன்-அண்டர்-லைன் நகரில் முதல் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. கிரேட் பிரிட்டனின் எல்லா வேலைவாய்ப்பு மையங்களுக்கும் இது விரிவடைந்து முடிந்தது 2018 டிசம்பரில்.

அதுவரை தனித்தனியாக இருந்த ஆறு உதவிகள் இதில் ஒன்றாக இணைக்கப்பட்டன. வேலை தேடுவோருக்கான வருமானம் சார்ந்த உதவி, நோயாலோ ஊனத்தாலோ வேலை செய்ய இயலாதோருக்கான வருமானம் சார்ந்த உதவி, வருமான ஆதரவு, வீட்டு வாடகை உதவி, குழந்தை வரிச் சலுகை, உழைப்போர் வரிச் சலுகை ஆகியவையே அவை.

பழைய முறையில் இவை வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வெவ்வேறு நாட்களில் வந்தன. வேலை தேடுவோர் உதவி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. வீட்டு வாடகை உதவியை உள்ளாட்சி மன்றம் கொடுத்தது. வரிச் சலுகைகளை வருவாய்த் துறை கொடுத்தது. ஒன்று தாமதமானாலும் மற்றொன்று வந்து சமாளிக்க உதவியது. யுனிவர்சல் கிரெடிட்டில் எல்லாம் ஒரே தவணையாக வருவதால், அந்தத் தவணை வராதவரை வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் இல்லை என்ற நிலை உண்டானது.

ஐந்து வாரம் என்ற கணக்கு

விண்ணப்பம் இணையவழியில் சமர்ப்பிக்கப்படும் நாளே மதிப்பீட்டுக் காலத்தின் முதல் நாள். மதிப்பீட்டுக் காலம் ஒரு நாட்காட்டி மாதம் நீடிக்கும். அது முடிந்த பிறகு கணக்கிட்டுப் பணம் அனுப்ப ஏழு நாட்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஜூன் 10 அன்று விண்ணப்பிப்பவரின் முதல் மதிப்பீட்டுக் காலம் ஜூலை 9 அன்று முடிகிறது. அவருக்கு ஜூலை 16 அன்று முதல் தவணை வரவேண்டும். இடையில் 36 நாட்கள் கடந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி பணம் வரும். அந்த நாள் வார இறுதியாகவோ வங்கி விடுமுறையாகவோ இருந்தால் அதற்கு முந்தைய வேலைநாளில் பணம் செலுத்தப்படும்.

மதிப்பீட்டுக் காலத்துக்குள் விண்ணப்பதாரருக்கு வந்த சம்பளமும் கணக்கில் சேரும். வேலை போன மறுநாளே ஒருவர் விண்ணப்பித்து, பழைய முதலாளி கொடுக்கவேண்டிய கடைசிச் சம்பளம் அதற்கு அடுத்த வாரம் வந்தால், அது முதல் தவணையைக் குறைக்கும். சம்பளம் பெரிதாக இருந்தால் முதல் தவணை வராமலேயே போகலாம். மறுபுறம், விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டால் அத்தனை நாட்களும் முதல் தவணை தள்ளிப்போகும். முந்தைய தேதியிலிருந்து கணக்கிடும் சலுகை, நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே, அதுவும் அதிகபட்சம் ஒரு மாதத்துக்கே தரப்படுகிறது.

பின்தேதி முறைக்கு அரசு கூறும் காரணங்கள்

பின்தேதியில் பணம் கொடுப்பதற்கு அரசு இரண்டு முக்கியக் காரணங்களைக் கூறியது.

ஒன்று, வேலை உலகத்தைப் போலவே உதவித்தொகையும் அமைய வேண்டும் என்பது. பெரும்பாலான வேலைகளில் மாதக் கடைசியில்தான் சம்பளம் வருகிறது. மாதம் முழுவதற்கும் திட்டமிட்டுச் செலவு செய்யப் பழகியவர் வேலைக்குத் திரும்புவது எளிது என்று வாதிடப்பட்டது. வேலையிலிருந்து விலகி வருபவரிடம் கடைசி மாதச் சம்பளம் கையில் இருக்கும் என்ற அனுமானமும் இதில் உண்டு.

மற்றொன்று, கணக்கின் துல்லியம். 2003-இல் தொடங்கிய வரிச் சலுகைகள், ஆண்டு வருமானத்தை முன்கூட்டியே ஊகித்து வழங்கப்பட்டன. ஊகம் தவறியபோது, கூடுதலாகக் கொடுத்த பணத்தை அரசு குடும்பங்களிடமிருந்து திரும்பக் கேட்டது. முதல் ஆண்டில் மட்டும் இவ்வாறு கூடுதலாகப் போன தொகை சுமார் 200 கோடி பவுண்டு. செலவழித்துவிட்ட பணத்தைத் திருப்பித் தர இயலாமல் ஏராளமான குடும்பங்கள் திண்டாடின. அந்த அனுபவத்தின் விளைவாக, யுனிவர்சல் கிரெடிட்டில் ஊகத்துக்குப் பதிலாக உண்மையான மாத வருமானம் அடிப்படையாக வைக்கப்பட்டது. ஊழியரின் சம்பளத்தை முதலாளிகள் ஒவ்வொரு முறையும் வருவாய்த் துறைக்கு உடனுக்குடன் தெரிவிக்கும் முறை 2013-இல் நடைமுறைக்கு வந்ததால் இது சாத்தியமானது. மாதம் முடிந்தால்தான் அம்மாத வருமானம் தெரியும் என்பதால் பணமும் பிறகே வருகிறது.

இரண்டாவது காரணத்தில் நியாயம் உண்டு என்பதை விமர்சகர்களில் பலரும் ஏற்கிறார்கள். முதல் காரணமே அதிகம் மறுக்கப்பட்டது. வேலையை விட்டு யுனிவர்சல் கிரெடிட்டுக்கு வந்தவர்களில் 58 விழுக்காட்டினர் முந்தைய வேலையில் வாரந்தோறும் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் பெற்றவர்கள் என்று ரெசல்யூஷன் பவுண்டேஷன் என்னும் ஆய்வு நிறுவனம் 2017-இல் சுட்டிக்காட்டியது. இவர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கையிருப்பாக இருக்க வாய்ப்பில்லை. வேலையிலிருந்து வராதவர்களும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருபவர், துணை பிரிந்து சென்றவர், சிறையிலிருந்து விடுதலையாகுபவர் ஆகியோருக்குக் கடைசிச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுதலையாகும் கைதிக்குக் கையில் கொடுக்கப்படும் தொகை 1995 முதல் 2021 வரை 46 பவுண்டாகவே இருந்தது.

காத்திருப்பு நாட்கள்: 2015 முதல் 2018 வரை

2015 ஆகஸ்டில் அரசு ஒரு புதிய விதியைச் சேர்த்தது. பெரும்பாலான புதிய விண்ணப்பதாரர்களுக்கு முதல் ஏழு நாட்கள் காத்திருப்பு நாட்களாக அறிவிக்கப்பட்டன. அந்த ஏழு நாட்களுக்கு வீட்டு வாடகை உட்பட எந்தத் தொகையும் இல்லை. இதனால் ஐந்து வாரம் ஆறு வாரமாக நீண்டது.

காத்திருப்பு நாட்கள் என்ற கருத்து பிரிட்டனுக்குப் புதியதல்ல. காப்பீட்டுத் திட்டங்களில் மிகக் குறுகிய கால வேலையிழப்புகளைத் தவிர்ப்பதற்காகத் தோன்றியது இது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையும் வேலையில்லாதோர் உதவியில் முதல் ஏழு நாட்களுக்குத் தொகை தராமல் இருக்க இடமளிக்கிறது. ஆனால் வேலையிழப்புக்கான தனிக் காப்பீட்டுக்கு வகுத்த விதியை, வாடகையும் குழந்தைகளுக்கான தொகையும் அடங்கிய ஒரே தவணைக்குப் பொருத்தியபோது இழப்பு பல மடங்கானது.

2017 இலையுதிர் காலத்தில் நாடாளுமன்றத்தில் இது பெரும் பிரச்சினையானது. ஆளும் கட்சி உறுப்பினர்களிலும் சிலர் மாற்றம் கோரினர். அக்டோபரில், யுனிவர்சல் கிரெடிட் உதவி எண்ணுக்குப் பேசுவதற்கு நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை ஆகிறது என்ற புகாரை அடுத்து, அந்த அழைப்பு இலவசமாக்கப்படும் என அப்போதைய அமைச்சர் டேவிட் காக் அறிவித்தார். நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் பிலிப் ஹேமண்ட் 150 கோடி பவுண்டு மதிப்பிலான மாற்றங்களை அறிவித்தார். அவற்றின்படி 2018 பிப்ரவரி 14 முதல் காத்திருப்பு நாட்கள் நீக்கப்பட்டன. ஆறு வாரம் மீண்டும் ஐந்து வாரமானது.

நிர்வாகத் தாமதங்கள்

ஐந்து வாரம் முடிந்த பிறகும் பணம் வராத நிலை திட்டம் விரிவடைந்த ஆண்டுகளில் பரவலாக இருந்தது. அரசுத் துறைகளின் செலவுகளை ஆராயும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017-இல் புதிய விண்ணப்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 1,13,000 விண்ணப்பங்களுக்கு, உரிய நாளில் முழுத் தொகையும் செல்லவில்லை. இத்தாமதம் சராசரியாக நான்கு வாரம். ஐந்து வாரக் காத்திருப்புக்கு மேல் இந்த நான்கு வாரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தாமதத்துக்கான காரணங்களில் முதன்மையானது சரிபார்ப்பு. விண்ணப்பதாரர் தம் அடையாளத்தையும் வங்கிக் கணக்கையும் உறுதிப்படுத்த வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். குழந்தை பராமரிப்புச் செலவுக்கு ரசீது தர வேண்டும். வேலை தேடும் கடமைகளை விவரிக்கும் உறுதிமொழியை ஏற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பிரிட்டனே தம் நிரந்தர வசிப்பிடம் என்பதை நிறுவ வேண்டும். இவற்றில் ஒன்று நிலுவையில் இருந்தாலும் அதற்குரிய பகுதியோ முழுத் தொகையோ நிற்கும். அடையாளத்தை இணையம் வழியாகவே உறுதிசெய்ய அமைக்கப்பட்ட வெரிஃபை என்னும் அரசு முறை விண்ணப்பதாரர்களில் 90 விழுக்காட்டினருக்குப் பயன்படும் என எதிர்பார்க்கப்பட்டது. நடைமுறையில் 38 விழுக்காட்டினரே அதில் வெற்றி பெற்றனர். மற்றவர்கள் ஆவணங்களோடு நேரில் செல்ல வேண்டியிருந்தது. கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ இல்லாத ஏழைகளுக்கு இது எளிதாக இல்லை.

பின்னர் நிலைமை மேம்பட்டது. உரிய நாளில் முழுத் தொகை செலுத்தப்பட்ட விண்ணப்பங்கள் 2017 ஜனவரியில் 55 விழுக்காடாக இருந்து, 2020 பிப்ரவரியில் 90 விழுக்காடாக உயர்ந்தன என்று அதே அலுவலகத்தின் 2020 அறிக்கை தெரிவித்தது. எனினும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையே பெருகியதால், தாமதத்தால் பாதிக்கப்பட்டோர் தொகை குறையவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது, நான்கு வாரங்களுக்குள் சுமார் 15 லட்சம் பேர் புதிதாக விண்ணப்பித்தனர். வேறு பணிகளில் இருந்த ஊழியர்கள் இதற்கு மாற்றப்பட்டனர். சில சரிபார்ப்புகள் தளர்த்தப்பட்டன. பெரும்பாலானோருக்கு உரிய நாளில் பணம் சென்றது. நெருக்கடியில் நிர்வாகம் நன்றாக இயங்கியது என்று இது பாராட்டப்பட்டது. ஆனால் உரிய நாள் என்பது அப்போதும் ஐந்து வாரத்துக்குப் பிறகே வந்தது. நிர்வாகம் எவ்வளவு விரைந்தாலும் விதியில் உள்ள காத்திருப்பு குறையாது என்பதற்கு இது தெளிவான சான்று.

முன்பணமும் அதன் விலையும்

காத்திருக்க இயலாதவர்களுக்கு அரசு கூறும் வழி முன்பணம். முதல் தவணைக்கு முன்பே ஒருவர் முன்பணம் கேட்கலாம். தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட தொகையில் பாதி வரை தரப்பட்டது. 2018 ஜனவரி முதல் முழுத் தொகையும் தரப்படுகிறது. புதிய விண்ணப்பதாரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இதைப் பெறுகிறார்கள்.

முன்பணம் வட்டியில்லாக் கடன். முதல் தவணையிலிருந்தே அது பிடித்தம் செய்யப்படுகிறது. திருப்பிச் செலுத்தும் காலம் முதலில் ஆறு மாதமாக இருந்தது. 2018-இல் அது 12 மாதமாகவும், 2021 ஏப்ரலில் 24 மாதமாகவும் நீட்டிக்கப்பட்டது.

2025-26 நிதியாண்டில் 25 வயது நிரம்பிய தனி நபருக்கான அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. இதோடு 400 பவுண்டு வாடகை உதவியும் பெறும் ஒருவர் 800 பவுண்டு முன்பணம் வாங்கினால், 24 மாதங்களுக்கு மாதம் சுமார் 33 பவுண்டு பிடிக்கப்படும். வாடகை குறையாது என்பதால் அந்த 33 பவுண்டும் உணவுக்கும் எரிசக்திக்கும் வைத்திருக்கும் 400 பவுண்டிலிருந்தே போகும்.

அரசின் பார்வையில் இது இரண்டு ஆண்டுக்குரிய 24 தவணைகளை 25 ஆகப் பிரித்துக் கொடுப்பது. விமர்சகர்களின் பார்வையில் இது ஐந்து வாரத் தட்டுப்பாட்டை இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்புவது. இரண்டும் ஒரே கணக்கின் இரு விளக்கங்கள். மாதம் முழுவதும் சமாளிக்கவே போதாத தொகையில் கடனும் சேரும்போது என்ன நேர்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பழைய கடன்கள், வாடகை பாக்கி ஆகியவற்றுக்கும் பிடித்தம் உண்டு. எல்லாம் சேர்ந்து அடிப்படைத் தொகையில் 40 விழுக்காடு வரை பிடிக்க முன்பு இடமிருந்தது. இந்த உச்சவரம்பு 2019-இல் 30 விழுக்காடாகவும், 2021-இல் 25 விழுக்காடாகவும், 2025 ஏப்ரல் இறுதியில் 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

விளைவுகள்

உணவு வங்கிகளின் பெரிய வலையமைப்பை நடத்தும் ட்ரஸ்ஸல் டிரஸ்ட் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், யுனிவர்சல் கிரெடிட் முழுமையாக நடைமுறைக்கு வந்த பகுதிகளில் அவசர உணவுக்கான பரிந்துரைகள் சராசரியாக 16.85 விழுக்காடு உயர்ந்ததாகக் கூறியது. அதே காலத்தில் தேசிய சராசரி உயர்வு 6.64 விழுக்காடு. இத்தொடர்பை அரசு நீண்ட காலம் ஏற்கவில்லை. 2019 பிப்ரவரியில் அப்போதைய அமைச்சர் ஆம்பர் ரட், மக்கள் பணத்தை விரைவில் பெற முடியாமல் போனது உணவு வங்கிகளின் பயன்பாடு உயர்ந்ததற்கு முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

வாடகை பாக்கி மற்றொரு விளைவு. பழைய முறையில் வாடகை உதவி பல இடங்களில் வீட்டு உரிமையாளருக்கே நேரடியாகச் சென்றது. புதிய முறையில் அது பொதுவாக வாடகைதாரரின் கணக்குக்கு வருகிறது. ஐந்து வாரம் தாண்டி முதல் தவணை வரும்போது ஒரு மாத வாடகை ஏற்கெனவே நிலுவையில் இருக்கும். இங்கிலாந்தில் இரண்டு மாத பாக்கி இருந்தால் வீட்டைக் காலி செய்யும்படி உத்தரவிட நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்தும் விதி நீண்ட காலம் இருந்தது. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த அளவை மூன்று மாதமாக உயர்த்தியது. யுனிவர்சல் கிரெடிட் இன்னும் வந்து சேராததால் மட்டுமே ஏற்பட்ட பாக்கியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் அது கூறுகிறது.

இடைவெளியைக் குறைத்த ஏற்பாடுகள்

பழைய உதவிகளிலிருந்து யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறுவோருக்குச் சில நிவாரணங்கள் உண்டு. 2018 ஏப்ரல் முதல், ஏற்கெனவே வாடகை உதவி பெற்று வந்தவர்களுக்கு அது மேலும் இரண்டு வாரம் தொடர்கிறது. 2020 ஜூலை முதல் வேலை தேடுவோர் உதவி, நோயுற்றோர் உதவி, வருமான ஆதரவு ஆகியவற்றுக்கும் இதே இரண்டு வார நீட்டிப்பு தரப்பட்டது. இத்தொகையைத் திருப்பித் தரவேண்டியதில்லை. ஆனால் வரிச் சலுகையிலிருந்து மாறியவர்களுக்கும், முதல்முறையாக உதவி கேட்பவர்களுக்கும் இந்த நீட்டிப்பு கிடையாது.

வட அயர்லாந்தில் மாதம் இருமுறை பணம் கொடுப்பது பொது வழக்கம். ஸ்காட்லாந்தில் விண்ணப்பதாரர் விரும்பினால் அவ்வாறு பெறலாம். எனினும் இரண்டு இடங்களிலும் முதல் தொகை ஐந்து வாரத்துக்குப் பிறகே வருகிறது. ஆகவே அடிக்கடி கொடுப்பது வேறு, முன்னதாகத் தொடங்குவது வேறு. வட அயர்லாந்தில் மட்டும், காத்திருக்கும் காலத்தில் நெருக்கடிக்கு உள்ளாவோருக்குத் திருப்பித் தரவேண்டாத மானியம் வழங்கத் தனி நிதி ஒன்று உள்ளது.

முன்வைக்கப்பட்ட மாற்றுகள்

2020 ஜூலையில் பிரபுக்கள் அவையின் பொருளாதார விவகாரக் குழு, எல்லாப் புதிய விண்ணப்பதாரர்களுக்கும் இரண்டு வாரத்துக்குரிய தொகையைத் திருப்பித் தரவேண்டாத மானியமாகக் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மக்களவையின் பணி மற்றும் ஓய்வூதியக் குழு, மூன்று வார அடிப்படைத் தொகையைத் தொடக்கத் தொகையாக வழங்கலாம் என்றது. முன்பணத்தையே மானியமாக மாற்ற வேண்டும் என்று தொண்டு நிறுவனங்கள் கோரின.

அரசு இவற்றை ஏற்கவில்லை. செலவு அதிகமாகும், தகுதி உறுதியாகும் முன்பே மானியம் கொடுத்தால் மோசடிக்கு இடமாகும், உடனடித் தேவைக்கு முன்பணம் போதும் என்பவை அதன் பதில்கள்.

2017-க்குப் பிறகு வந்த மாற்றங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. காத்திருப்பு நாட்கள் நீங்கின, நிர்வாகத் தாமதம் பெருமளவு குறைந்தது, முன்பணம் பெரிதானது, பிடித்தம் சிறிதானது. இவை எல்லாம் காத்திருப்பைத் தாங்கிக்கொள்ள உதவும் மாற்றங்கள். ஒரு மாதமும் ஏழு நாட்களும் என்ற அடிப்படை விதி மட்டும் 2013-இல் இருந்தவாறே நீடிக்கிறது.